பட்டியலை மூடி வையுங்கள்: ஆங்கிலச் சொல்வளம் பற்றி ஒரு வாசகிக்கு

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு ராசிபுரம் பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.இ. இப்போது சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வேலை நன்றாகவே தெரியும், ஆனால் கிளையன்ட் காலில் பேசினாலும் மெயில் எழுதினாலும் சுற்றிச் சுற்றி அதே நாலு வார்த்தைதான் வருகிறது. அட்வான்ஸ்டு வொகாபுலரி வேண்டும் என்று ஒரு வேர்டு லிஸ்ட் பிடிஎஃப் இறக்கி தினமும் இருபது வார்த்தை மனப்பாடம் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை திருப்பிப் பார்த்தால் முக்கால்வாசி மறந்துவிடுகிறது. போன மாதம் ஒரு மெயிலில் 'ப்ளெத்தோரா' என்று போட்டேன், எங்கள் டீம் லீட் அதை மீட்டிங்கில் வாசித்துக் காட்டிச் சிரித்தார். அடுத்த வருடம் மாஸ்டர்ஸுக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், அதில் பேண்ட் 7 மதிப்பெண் வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்ததால் எனக்கு இது வராதா? ஹிந்து தலையங்கம் படித்தாலே போதும் என்கிறார் சித்தப்பா. ஒரு ஆன்லைன் கோர்ஸில் மூன்று மாதத்தில் ஐயாயிரம் வார்த்தை என்கிறார்கள், சேரலாமா? பெயர் போட வேண்டாம்.

பதில்: முதலில் உங்கள் லீட் விஷயத்தை முடித்துவிடுவோம். ஒருத்தர் எழுதிய மெயிலை நாலு பேர் முன்னால் வாசித்துச் சிரிப்பது மட்டமான பழக்கம், அதற்காக நீங்கள் கூசிப்போக வேண்டியதில்லை. ஆனால் அந்த வாக்கியத்தையும் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்களே, "ஐ ஹேவ் ஐடென்டிஃபைட் ப்ளெத்தோரா ஆஃப் பக்ஸ் இன் திஸ் பில்ட்" என்று, அதை மட்டும் நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கத்தான் வேண்டும். நீங்கள் கேட்டதில் பாதிக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

ப்ளெத்தோராவுக்கு உங்கள் பட்டியலில் 'ஏராளம், மிகுதி' என்று போட்டிருப்பார்கள். பொருள் சரிதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு 'ஏ' வர வேண்டும், ஏ ப்ளெத்தோரா ஆஃப் என்று. பட்டியல் அதைச் சொல்லியிருக்காது. தேவைக்கு மேல் குவிந்து கிடக்கிறது, எதை எடுப்பது எதை விடுவது என்றே தெரியவில்லை என்கிற வாடையும் அந்த வார்த்தைக்கு உண்டு, அதனால்தான் ஆப்ஷன்ஸ், சாய்சஸ் மாதிரியானவற்றோடு அதை அடிக்கடி பார்ப்பீர்கள். அதையும் பட்டியல் சொல்லியிருக்காது. இதெல்லாம் போகட்டும். பக் (மென்பொருள் பிழை) ரிப்போர்ட்டைப் படிக்கிற ஆளுக்கு என்ன தெரிய வேண்டும்? எத்தனை பக், அதில் எது ரிலீஸை நிறுத்தும், அவ்வளவுதான். "ஐ ஃபவுண்ட் 14 பக்ஸ் இன் திஸ் பில்ட். த்ரீ ஆஃப் தெம் ப்ளாக் தி ரிலீஸ்." இதில் பிடிஎஃப் பட்டியலில் இருக்கிற மாதிரி ஒரு வார்த்தைகூடக் கிடையாது, ஆனால் தேர்ந்தவர்கள் எழுதும் ஆங்கிலம் இப்படித்தான் இருக்கும். அந்த 'ப்ளாக்' என்ற ஒரே வினை எவ்வளவு வேலை பார்க்கிறது பாருங்கள். அது உங்களுக்குத் தெரியாத வார்த்தையா? இல்லை. எழுதும்போது கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். வருகிறவர்கள் எல்லாரும் புது வார்த்தை வேண்டும் என்றுதான் வருகிறார்கள். அவர்கள் எழுதியதை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துகொள்ள வேண்டியது வேறாக இருக்கும்: பார்த்தால் புரிகிற, ஆனால் தானாக வாயில் வராத வார்த்தைகள் அவர்களிடம் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்தப் பாதி தெரிந்த வார்த்தைகளை முழுசாகத் தெரிந்துகொள்வதுதான் சீக்கிரம் பலன் தரும் வேலை. அப்படியென்றால் ஒரு வார்த்தை முழுசாகத் தெரிவது என்றால் என்ன? அது யாரோடு சேரும், யாரோடு சேராது, எந்த இடத்தில் பேசலாம், எந்த இடத்தில் பேசினால் சிரிப்பார்கள் என்பது தெரிவது. தமிழில் நமக்கு இது யோசிக்காமலே வருகிறது. கோலம் போடுவோம், படம் வரைவோம். தமிழ் கற்றுக்கொள்கிற ஒரு வெளிநாட்டுக்காரர் "காலையில் வாசலில் கோலம் வரைந்தேன்" என்றால் புரியும், தப்பு என்றும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இவர் வெளியூர் என்று அந்த ஒரு வினையிலேயே தெரிந்துவிடும். சண்டை, சத்தம், கையெழுத்து, தூபம் எல்லாவற்றையும் போடுகிறோம். ஏன் என்று எந்த அகராதியைக் கேட்பது?

ஆங்கிலம்-தமிழ்ப் பட்டியல்கள் எப்படிக் காலை வாருகின்றன என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 'ஒழிப்பு'. நாம் எதையெல்லாம் ஒழிக்கிறோம் என்று பாருங்கள். தீண்டாமை ஒழிப்பு, வறுமை ஒழிப்பு, பெரியம்மை ஒழிப்பு, காசநோய் ஒழிப்பு, கொசு ஒழிப்பு, லஞ்ச ஒழிப்பு. இப்போது ஆங்கிலத்துக்கு வாருங்கள். தீண்டாமைக்கு 'அபாலிஷ்', அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவில் இருப்பது அந்த வார்த்தைதான். சட்டம், வரி, தண்டனை, அடிமைமுறை என்று மனிதர்கள் ஏற்படுத்தி வைத்த ஏற்பாடுகளைத்தான் அபாலிஷ் செய்ய முடியும்; கொசுவை அபாலிஷ் செய்ய முடியாது, அதை யாரும் ஆணை போட்டு உண்டாக்கவில்லை. பெரியம்மைக்கு 'எராடிகேட்'. உலகத்திலேயே இல்லாமல் வேரோடு போய்விட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்த நோய் அது. ஒரு நாட்டிலோ வட்டாரத்திலோ மட்டும் நோய் பரவாமல் நின்றுபோனால் பொதுச் சுகாதாரத் துறைக்காரர்கள் அதை எராடிகேட் என்று சொல்ல மாட்டார்கள், 'எலிமினேட்' என்பார்கள். நம் நாட்டின் தேசியக் காசநோய்த் திட்டத்துக்கு முன்பு ஆங்கிலப் பெயரில் 'கன்ட்ரோல்' என்று இருந்தது, 2020-ல் அதை 'எலிமினேஷன்' என்று மாற்றினார்கள். கட்டுக்குள் வைப்போம் என்பதிலிருந்து இல்லாமலே ஆக்குவோம் என்று இலக்கு மாறியதை அந்த ஒரு வார்த்தை சொல்கிறது. கொசு விஷயத்தில் அந்த நம்பிக்கை ஆங்கிலத்துக்கு இல்லை போலிருக்கிறது, அதற்கு இன்னமும் 'மஸ்கிட்டோ கன்ட்ரோல்'தான். வறுமைக்கு எராடிகேட்டும் வரும், குறைத்துத் தணிப்பது என்றால் 'அலீவியேட்'டும் வரும். லஞ்சத்துக்கு இந்த வினை எதுவுமே வேண்டாம், 'ஆன்ட்டி-கரப்ஷன்' என்று முன்னால் ஒட்டிவிட்டால் முடிந்தது. பட்டியலில் அபாலிஷ், எராடிகேட், எலிமினேட் மூன்றுக்கும் நேரே 'ஒழி' என்று போட்டிருக்கும். மூன்றையும் மனப்பாடம் செய்தவர் அடுத்த மெயிலில் பக்குகளை அபாலிஷ் செய்துவிடுவார்.

அதனால் வார்த்தையைத் தனியாக எடுக்காதீர்கள், அதன் கூட்டாளிகளோடு எடுங்கள். உங்கள் வேலையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 'மிட்டிகேட்' என்று நோட்டில் எழுதி 'தணி' என்று பக்கத்தில் போடுவதற்குப் பதிலாக "வீ நீட் டு மிட்டிகேட் தி ரிஸ்க் ஆஃப் டேட்டா லாஸ்" என்று ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள், கீழே ரிஸ்க், இம்பாக்ட், எஃபெக்ட்ஸ், டேமேஜ் என்று அதோடு வழக்கமாக வருகிறவற்றைப் போடுங்கள். இதற்கு ஆங்கிலம்-தமிழ் அகராதி போதாது. மொழி கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதி வேண்டும். லாங்மேன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மூன்றும் இணையத்தில் இலவசம். லாங்மேன் 1978-லிருந்து ஏறக்குறைய 2,000 எளிய வார்த்தைகளை வைத்துக்கொண்டே மற்ற எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்கிறது, அதனால் ஒரு வார்த்தையைத் தேடப் போய் இன்னும் மூன்று வார்த்தையில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். விளக்கத்தைவிட அதற்குக் கீழே இருக்கிற எடுத்துக்காட்டு வாக்கியங்கள்தான் சொத்து. அப்புறம், 'மிட்டிகேட் அகெய்ன்ஸ்ட்' என்று எங்காவது பார்த்தால் அதை நகல் எடுக்காதீர்கள், அது 'மிலிட்டேட்' என்ற வேறொரு வார்த்தையோடு கலந்துபோனது. படித்தவர்களே செய்கிற பிழை.

சரி, மறதி. இருபது படித்து பதினைந்து மறப்பது உங்கள் மூளையின் கோளாறு இல்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று தன் மீதே சோதித்து 1885-ல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும் பகுதி போய்விடுகிறது, மிச்சம் மெதுவாகப் போகிறது. ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட நாள் விட்டு நாள் பிரித்துப் படித்தால் குறைந்த உழைப்பில் நிற்கிறது. நீங்கள் தினமும் புதுசாக இருபதைக் கொட்டுகிறீர்கள், பழசைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கிறீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். ஒரு நாளைக்குப் புதுசு ஐந்துக்கு மேல் வேண்டாம், பழசைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் என்று அட்டைகளைக் காட்டும் ஆன்கி என்ற செயலி ஆண்ட்ராய்டிலும் கம்ப்யூட்டரிலும் இலவசம், எந்த அட்டையை என்றைக்குக் காட்ட வேண்டும் என்பதை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒரு நிபந்தனை: யாரோ செய்து வைத்த அட்டைக்கட்டை இறக்காதீர்கள், அது பிடிஎஃப்பை வேறு சட்டை போட்டுக் கொண்டுவருவதுதான். நீங்கள் படித்த வாக்கியத்தில் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு அது இருந்த இடத்தில் வெறும் கோடு போட்டு முன்பக்கம் எழுதுங்கள், பின்பக்கம் வார்த்தையும் கூட்டாளிகளும். தமிழ்ப் பொருள் எழுதினால் கடைசி வரியில் எழுதுங்கள், அதுவும் தேவைப்பட்டால்.

எந்த வார்த்தைகளை எடுப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நியூசிலாந்தின் வெலிங்டனில் விக்டோரியா பல்கலைக்கழகம் இருக்கிறது, சொற்கள் பற்றிய ஆராய்ச்சிக்குப் பெயர் போன இடம். அங்கே இருந்த பால் நேஷன் 2006-ல் போட்ட கணக்குப்படி, நாவலோ செய்தித்தாளோ தடுமாறாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். குடும்பம் என்றால் ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்து. இது படித்துப் புரிந்துகொள்வதற்கான கணக்கு, பயமுறுத்துகிற எண்தான், அதுவும் வருடக்கணக்கில் வாசித்தே சேர்கிற சரக்கு. உங்களுக்கு இப்போது வேண்டியது அதே பல்கலைக்கழகத்தில் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட பட்டியல். ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் 2,000 குடும்பங்களை ஒதுக்கிவிட்டு, எந்தப் பாடமானாலும் கல்லூரிப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகிற 570-ஐ மட்டும் பிரித்துக் கொடுத்தார். கல்வி சார்ந்த எழுத்தில் பத்துக்கு ஒன்று இந்த 570-லிருந்துதான் வருகிறது. அசெஸ், அஸ்யூம், இண்டிகேட், இன்டர்ப்ரெட், எவிடென்ட், சிக்னிஃபிகன்ட், இப்படித்தான் இருக்கும். பார்த்ததும் "இதெல்லாம் தெரியுமே" என்பீர்கள். தெரியும்தான். போன மாத மெயில்களில் இதில் எத்தனையை நீங்களாக எழுதினீர்கள் என்று தேடிப் பாருங்கள். மனப்பாடத்துக்கு எதிராக இவ்வளவு பேசிவிட்டு நானே ஒரு பட்டியலைக் கையில் கொடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். இதைப் படிக்கச் சொல்லவில்லை, எதை எதிர்பார்த்துப் படிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

அதற்காக எல்லா இடத்திலும் லத்தீன் வாடை வீசும் வார்த்தைதான் உசத்தி என்றும் இல்லை. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததிலிருந்து ஆங்கிலத்தில் ஒரே காரியத்துக்கு வீட்டு வார்த்தை ஒன்று, பிரெஞ்சு வழியாக வந்தது ஒன்று, லத்தீனிலிருந்து நேராக எடுத்தது ஒன்று என்று அடுக்கடுக்காகச் சேர்ந்துவிட்டன. ஆஸ்க், குவெஸ்சன், இன்டராகேட் மூன்றும் கேட்பதுதான், ஆனால் மூன்றாவதைச் செய்கிறவர் போலீஸ்காரர். நாமும் வீட்டுக்கு வந்த அத்தையிடம் "போஜனம் ஆயிற்றா" என்று கேட்பதில்லை. கிளையன்ட் காலில் நீங்கள் கேட்டுப் பொறாமைப்படுகிற ஆங்கிலம் அநேகமாக முதல் அடுக்கு போலவே எளிமையானது: ரூல் அவுட் (இது காரணமில்லை என்று ஒதுக்குவது), நேரோ டவுன் (தேடும் இடத்தைச் சுருக்குவது), புஷ் பேக் (ஒப்புக்கொள்ளாமல் மறுப்பது), சைன் ஆஃப் (சரி என்று ஒப்புதல் தருவது). "வீ ஹேவ் ரூல்டு அவுட் தி நெட்வொர்க், ஸோ வீ ஆர் நேரோயிங் இட் டவுன் டு தி டேட்டாபேஸ்." சின்னச் சின்ன வார்த்தைகள், ஆனால் இந்த இரண்டை வைத்தே ஒரு மீட்டிங்கை ஓட்டிவிடலாம். இவற்றை எந்த அட்வான்ஸ்டு பட்டியலும் தராது, அடுத்த காலில் காதைத் தீட்டிக்கொண்டு நீங்களே பிடிக்க வேண்டும்.

ஐஇஎல்டிஎஸ்ஸுக்கு வருவோம். எழுத்துத் தாளில் நான்கு அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் சம மதிப்பு, அதில் ஒன்றுதான் சொல்வளம். ஆக வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு 7-க்குப் போக முடியாது. அந்த 7-க்கான விளக்கத்தில் அரிதான வார்த்தைகளைப் பயன்படுத்துவது பற்றிச் சொல்லும்போதே, எதோடு எது சேரும் என்பதிலும் நடையிலும் ஓரளவு விழிப்பு இருக்க வேண்டும் என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். எழுத்துப்பிழை, சொல்லாக்கப் பிழை ஒன்றிரண்டு வந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். நீங்கள் அனுப்பிய மாதிரிக் கட்டுரையின் முதல் வரி "நவடேஸ் ப்ளெத்தோரா ஆஃப் பீப்பிள் ஆர் அடிக்டட் டு மொபைல்" என்று இருக்கிறது. ப்ளெத்தோரா மறுபடியும்! "மெனி டீனேஜர்ஸ் ஸ்பென்ட் மோர் டைம் ஆன் தேர் ஃபோன்ஸ் தேன் வித் தேர் ஃபேமிலீஸ்" என்று எழுதிப் பாருங்கள். யார், எதை, எதைவிட என்று மூன்றும் வந்துவிட்டது, அடுத்த வரி எதைப் பற்றி என்பதும் தெரிந்துவிட்டது. கோச்சிங் சென்டர் கொடுக்கிற ரெடிமேட் வாக்கியங்களைத் தொடாதீர்கள். தேர்வாளர்கள் அவற்றை நாள் முழுக்கப் பார்க்கிறவர்கள், மனப்பாடச் சரக்கு என்று கண்டுபிடித்தால் அதற்கு மதிப்புத் தர மாட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு 250 வார்த்தை, அதற்கு அவர்கள் சொல்லும் நேரம் 40 நிமிடம். அந்த நேரத்தில் தானாக வருகிற வார்த்தைகள்தான் உங்களுடையவை.

சித்தப்பா சொல்வது பாதி சரி. தலையங்கம் படிப்பது நல்ல பழக்கம், ஆனால் அது கருத்துச் சொல்வதற்கென்று இருக்கும் நடை. இன்றைக்கு நீட், நாளைக்கு மத்திய கிழக்கு, மறுநாள் கிரிக்கெட் வாரியம் என்று தினமும் தலைப்பு மாறுவதால் ஒருமுறை பார்த்த வார்த்தை மறுபடி எப்போது கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. அதைவிட ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று நான்கு வாரம் படியுங்கள். நகரத்துக் குடிநீர், ஆன்லைன் கல்வி, மின்சார வாகனம், எது வேண்டுமானாலும். ஒரே தலைப்பு என்றால் வார்த்தைகள் தாமாகவே திரும்பி வரும், நீங்கள் துரத்த வேண்டாம். கூடவே உங்கள் துறையில் நன்றாக எழுதப்பட்ட ரிலீஸ் நோட், இன்சிடென்ட் ரிப்போர்ட் எதுவானாலும் சும்மா கடந்து போகாமல் வினைகளைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வாரம் அனுப்பிய மெயில் ஒன்றை எடுத்து 'டூ', 'கிவ்', 'கெட்', 'வெரி' எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்து அதில் மூன்றை மட்டும் மாற்றி எழுதுங்கள். மாற்றியதை ஏஐ ஏதாவதொன்றிடம் காட்டி, இந்த வார்த்தை இங்கே ஏன் சேரவில்லை என்று கேட்கலாம், தப்பில்லை. மெயிலையே அதை எழுதச் சொன்னால் மெயில் நன்றாக வரும், ஆனால் தேர்வு அறையிலும் கிளையன்ட் காலிலும் அது பக்கத்தில் இருக்காது.

உச்சரிப்பை விட்டுவிடாதீர்கள். கண்ணால் மட்டும் கற்ற வார்த்தைகள் வாயில் வரும்போது மாட்டிவிடும். எபிட்டமி என்பதை எபிடோம் என்றும், ஹைபர்போலி என்பதை ஹைபர்போல் என்றும், சட்டில் என்பதை சப்டில் என்றும் சொல்கிற கெட்டிக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். இணைய அகராதியில் ஒலிபெருக்கிக் குறி இருக்கும், அழுத்திக் கேட்டுவிட்டு வாய்விட்டு இரண்டு தடவை சொல்லாமல் அட்டை எழுதாதீர்கள்.

தமிழ் மீடியம் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கடிதத்தோடு வந்த மூன்று ஆங்கில மெயில்களிலும் இலக்கணம் ஒழுங்காக இருக்கிறது, காலம் மாறவில்லை, வாக்கியம் முடிகிற இடத்தில் முடிகிறது. சேதாரம் எல்லாம் பட்டியலிலிருந்து இறக்கிய வார்த்தைகள் உட்கார்ந்திருக்கும் இடங்களில்தான். சின்ன வயதிலிருந்தே ஆங்கிலத்தில் படித்தவர்களிடமும் 'ரிப்ளை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ரிவர்ட்', 'டிஸ்கஸ்' என்று நிறுத்த வேண்டிய இடத்தில் 'டிஸ்கஸ் அபௌட்' என்று பார்க்கிறேன். இதற்கும் மீடியத்துக்கும் சம்பந்தம் இல்லை.

கடைசியாக அந்தக் கோர்ஸ். மூன்று மாதத்தில் ஐயாயிரம் என்றால் நாளைக்கு ஐம்பத்தைந்து வார்த்தை, இருபதே தங்கவில்லை என்றுதான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் நாளைக்கு ஐந்து, வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று மாதத்தில் முந்நூறு. அதில் பாதி கைக்கு வந்தாலே உங்கள் மெயில் வேறு மாதிரி ஆகிவிடும். காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் வாரம் ஒரு பத்தி எழுதி அனுப்பினால், அதை ஒரு ஆள் படித்து, எந்த வார்த்தை எங்கே சேரவில்லை, ஏன் என்று எழுதித் திருப்பி அனுப்புவாரா? ஆமாம் என்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். வீடியோவும் குவிஸும் மட்டும்தான் என்றால் அந்தப் பணத்தை ஐஇஎல்டிஎஸ் ஃபீஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.